வெள்ளையடித்த ஞாயிற்றுக்கிழமை

"நேரில் சந்தித்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. நானும் ஒருமுறை அப்படி நம்பி ஒரு சந்திப்புக்கு ஏற்பாடு செய்தவன்தான். முகம் தெரியாத பதினைந்து பேரை வேனில் ஏற்றி எங்கள் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். அதனால் என்ன ஆனது என்பதை என் அம்மா சாகும்வரை நான் அவளிடம் சொல்லவில்லை. இப்போது சொல்லி யாருக்கும் லாபம் இல்லை. ஆனாலும் சொல்லித் தொலைக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. மலேசியாவில், சிரம்பானை அடுத்த செண்டாயான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில், ஒரு வீட்டில் நானும் அம்மாவும் இருந்தோம். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டினாள். நான் பதினேழு வயதில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். விடுமுறை நாளில் மோட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிரம்பான் டவுனை ஒட்டிய லோபாக்குக்குப் போவேன். அங்கே கடை வரிசை ஒன்றின் மாடியில் மணிக்கணக்குக்கு இணையம் கொடுக்கும் இடம் இருந்தது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு டிஸ்கெட். அதில் இருக்கும் தமிழ் எழுத்துருவை அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றினால்தான் தமிழ் தெரியும். அடுத்த வாரம் போனால் கடைக்காரப் பையன் எல்லாவற்றையும் அழித்து வைத்திருப்பான். மறுபடியும் ஏற்ற வேண்டும்.

அந்தக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் ஒரு குழுவில் சேர்ந்தேன். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பயிற்சித் தாள் தயாரித்துக் கொடுக்கும் தன்னார்வக் குழு. சம்பளம் கிடையாது, அலுவலகம் கிடையாது. ஒருவர் கேள்வி எழுதுவார், ஒருவர் தட்டெழுதுவார், இன்னொருவர் பிழை பார்ப்பார். எல்லாம் மின்னஞ்சலில். முடிந்ததை இணையப் பக்கத்தில் ஏற்றினால், எந்தெந்த ஊர் ஆசிரியரோ இறக்கி, நகலெடுத்து, வகுப்பில் கொடுப்பார். என் பங்கு, படித்து விடை எழுதும் கருத்துணர்தல் பகுதிக்குச் சின்னச் சின்னப் பத்திகள் எழுதுவது. மழை, சுத்தம், ஒற்றுமை, நன்றி மறவாமை இப்படி எதைக் கொடுத்தாலும் நூறு சொல்லில் எழுதிவிடுவேன். தமிழ்ப்பள்ளிக் கட்டுரைகளில் ஊறிய கை. எல்லாமே நன்றாகத் தொடங்கி நன்றாகவே முடியும்.

குழுவில் என் வயது யாருக்கும் தெரியாது. என் தமிழைப் பார்த்து ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று நினைத்துக்கொண்டார்கள் போல. "ஐயா, இந்தப் பத்தி மிக அருமை" என்று எழுதுவார்கள். பகலெல்லாம் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கிவிட்டு வந்து அந்த 'ஐயா'வைப் படிப்பதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். அதற்காகவே பல வாரம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு லோபாக்குக்கு ஓடியிருக்கிறேன்.

குழுவை நடத்தியவர் கோலாலம்பூரில் ஒரு விரிவுரையாளர். பிழை பார்த்தவர் சிரம்பானைச் சேர்ந்த ஒரு பெண் வக்கீல். டவுனில் தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பம். ஒரு புள்ளி விடுபட்டாலும் விடமாட்டார். விரிவுரையாளர் முதல் நாளே ஒரு சட்டம் போட்டிருந்தார். குழுவில் பயிற்சித் தாளைத் தவிர வேறு பேச்சு கூடாது. கட்சி, கோயில், சொந்த உதவி எதுவும் கூடாது. முன்பு அவர் இருந்த ஒரு குழு, கோயில் தலைவர் தேர்தலைப் பற்றிப் பேசப் போய் அடிதடியில் உடைந்ததாம். நியாயமான சட்டம்தான்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தோட்டத்தில் சர்வேக்காரர்கள் வந்து, பால் மரங்களுக்கு நடுவே சிவப்பு நுனி வைத்த முளைகளை அடித்துவிட்டுப் போனார்கள். தோட்டத்தை விற்றாகிவிட்டது, வீடமைப்புத் திட்டம் வரப்போகிறது என்று பேச்சு. நிர்வாகம் லயங்களைப் பழுது பார்ப்பதை அதற்கு முன்பே நிறுத்தியிருந்தது. எங்கள் வீட்டில் மழை பெய்தால் நான்கு இடத்தில் வாளி வைக்க வேண்டும். மூன்றாவது லயத்தில் ஒரு சமையல்கட்டு அப்படியே சாய்ந்து கிடந்தது. பைப்பில் காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். அதற்குள் பிடித்தவர்களுக்கு உண்டு. கால்வாய் அடைத்து வீச்சம் அடித்தது. தோட்டத்தை ஒப்படைப்பதற்கு முன்பே மாற்று வீடு வாங்கிவிட வேண்டும், இல்லையென்றால் நடுத்தெருதான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் எப்படி வாங்குவது என்று ஒருவருக்கும் தெரியாது.

"ஒரு நல்ல வக்கீல் வந்து இந்த வீடுங்கள கண்ணால பாத்தா போதும் தம்பி. மத்தத அவங்களே எழுதிப்பாங்க" என்று மண்டோர் மாமா என்னிடம் சொன்னார். கங்காணியாக முப்பது வருஷம் ஆள் மேய்த்தவர் அவர். அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். லயத்தில் அவர் சொன்னால் கேட்பார்கள்.

வக்கீல் எனக்குத் தெரிந்தவர். வாரம் தவறாமல் எனக்கு எழுதுகிறவர். தனியாக அவருக்கு ஒரு கடிதம் போட்டிருந்தால் வேலை முடிந்தது. ஒரு நாள் லோபாக்கில் உட்கார்ந்து, "வணக்கம். ஒரு சொந்த உதவி" என்று அடித்தேன். பிறகு அழித்துவிட்டேன். குழுவின் சட்டம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. கேட்டுவிட்டால் நான் 'ஐயா' இல்லை, மனு கொடுக்க வந்த லயத்துப் பையன். அந்த ரோஷம்தான் என் விரலைப் பிடித்தது. நான் கேட்கக் கூடாது, அவராகப் பார்த்து, அவராகக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். வெட்கம் கெட்ட ரோஷம்.

சரியாக அப்போது விரிவுரையாளர் எழுதினார். இவ்வளவு நாள் சேர்ந்து வேலை செய்கிறோம், ஒருமுறை எல்லோரும் நேரில் பார்த்துக்கொண்டால் என்ன? மேடை வேண்டாம், பேச்சு வேண்டாம், சும்மா உட்கார்ந்து ஒரு டீ குடிக்கலாம். ஒருவர் சிரம்பான் ஏரிக்கரைப் பூங்கா என்றார். ஒருவர் பாரோயில் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். நான் எழுதினேன்: "எங்கள் தோட்டத்துக்கு வாருங்கள். ஏற்பாடு முழுக்க என் பொறுப்பு." பதில் மழையாகக் கொட்டியது. தோட்டத்தைப் பார்த்ததே இல்லை என்று சிலர், பிறந்ததே தோட்டத்தில்தான், பார்த்து இருபது வருஷம் ஆயிற்று என்று சிலர்.

மனதுக்குள் வழியெல்லாம் போட்டு வைத்தேன். வேனைக் கோயிலடியில் நிறுத்த வேண்டும். அங்கிருந்து நடை. முதலில் பைப்படி, பிறகு கால்வாய், பிறகு சாய்ந்த சமையல்கட்டு, கடைசியாக எங்கள் வீடு. வக்கீலைச் சரியாக ஓட்டை இருக்கும் இடத்துக்குக் கீழே உட்கார வைக்க வேண்டும். மழை பெய்தால் இன்னும் நல்லது. நான் ஒரு வார்த்தை சொல்லத் தேவையில்லை.

அம்மாவிடம், "பிள்ளைங்க பரீட்சைக்கு வேல செய்யிற என் கூட்டாளிங்க பதினஞ்சு பேரு வராங்கம்மா. டீயும் வடையும் போதும்" என்று மட்டும் சொன்னேன். எதற்காக வருகிறார்கள் என்று சொல்லவில்லை. மண்டோர் மாமாவிடமும் சொல்லவில்லை. பைப்படியில் காலையில் பேசினால் மத்தியானத்துக்குள் தோட்ட ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி காதுக்குப் போய்விடும். அதுதான் காரணம் என்று அப்போது நினைத்தேன். வந்த பிறகு எல்லோரும் அசந்து போகட்டும் என்ற ஆசையும் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை லீவு வாங்குவதற்காக வெள்ளியும் சனியும் இரட்டை ஷிப்ட் பார்த்தேன். வீட்டுக்கு வராமல் செனவாங்கில் கூட்டாளி அறையிலேயே படுத்துக்கொண்டேன். ஞாயிறு காலை சிரம்பான் பஸ் நிலையத்தில் வாடகை வேனோடு நின்றேன்.

ஒவ்வொருவராக வந்தார்கள். "நீங்களா அந்த ஐயா? நான் நரைச்ச தலைய தேடிக்கிட்டு நிக்கிறேன்!" என்று விரிவுரையாளர் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கழுத்தில் கேமரா. வக்கீலுக்கு முப்பது வயது இருக்கலாம். கையில் ஒரு பெட்டி ஆரஞ்சுப் பழம். "வெறுங்கையோட வரக் கூடாதுல்ல" என்றார். வேனில் ஏறியதும் பயிற்சித் தாள் சண்டைகள் ஒவ்வொன்றும் நேரில் தொடர்ந்தன. எந்தக் கேள்வியை யார் சொதப்பினார், யார் எந்த விடையைத் தப்பாகக் கொடுத்தார் என்று ஒரே கலாட்டா. அந்த அரை மணி நேரம் நான் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

வேன் கோயிலடியில் திரும்பி நின்றது. 

லயம் முழுக்க வெள்ளை. ஆறு லயத்தின் முன்சுவரும் புதுச் சுண்ணாம்பில் கண்ணைப் பறித்தது. கால்வாய் ஓரத்துக் கற்கள் வெள்ளை. தென்னை மரங்களின் அடியும் வெள்ளை. வாசலுக்கு வாசல் கோலம். பைப்படியில் பாசியைச் சுரண்டி, எண்ணெய்ப் பீப்பாய்களில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். சாய்ந்த சமையல்கட்டைக் காணோம். பிரித்து அள்ளிவிட்டு, அந்த இடத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக் கூரையில் புதுத் தகரம். மூடிக் கிடந்த ரப்பர் ஸ்டோரிலிருந்து கழற்றியது என்று பிறகு தெரிந்தது.

"வாவ், என்னா அழகு!" என்றார் எனக்குப் பின்னால் இருந்த ஒருவர்.

எண்பதுகளின் தொடக்கத்தில், நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில், வருஷத்துக்கு ஒருமுறை பெரிய துரை வருவார். ஒரு வாரத்துக்கு முன்பே ஆபீசிலிருந்து சுண்ணாம்பு மூட்டை வந்து இறங்கும். முன்சுவருக்கு மட்டும் அடிப்பார்கள். பின்பக்கம் துரை வரமாட்டார். ஒழுகும் இடத்து வாளிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவார்கள். துரை காரை விட்டு இறங்கி ஒரு நடை நடப்பார். பெரிய கிராணியிடம் என்னவோ சொல்வார். கிராணி எங்கள் பக்கம் திரும்பி, "எல்லாரும் சௌக்கியமா, ஏதும் கொறை இருக்கான்னு தொர கேக்குறாரு" என்பார். மொத்தக் கூட்டமும், "ஒரு கொறையும் இல்லீங்க தொர" என்று ஒரே குரலில் சொல்லும். நானும் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பரிசாகப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பன்னும் ஆரஞ்சுத் தண்ணியும் கிடைக்கும். துரைமார் போய், உள்நாட்டு மேனேஜர்கள் வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. வெளியாள் வருகிறார் என்றால் எங்கள் ஜனத்தின் கை தானாகச் சுண்ணாம்பைத் தேடும்.

இதை நான் மறந்து போனேன். அங்கேயே பிறந்து வளர்ந்தவன் மறந்து போனேன். துரைக்கு அடித்தபோது சுண்ணாம்பு ஆபீஸ் கொடுத்தது. எனக்கு அடித்தபோது அவர்களே காசு போட்டு வாங்கியிருந்தார்கள். வெள்ளியும் சனியும் பால் வெட்டி முடித்து வந்து, கை காய்வதற்குள் சுண்ணாம்பு மட்டையைப் பிடித்திருக்கிறார்கள். கோபப்படவும் முடியாமல் நான் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா தீபாவளிச் சேலையில் வந்தாள். "வாங்க வாங்க. பசியாறிட்டீங்களா?" என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்தாள். டீயும் வடையும் எங்கே? பந்தலில் ஆட்டுக்கறி பிரட்டல், ரசம், பாயசம் என்று கல்யாணச் சாப்பாடு. பந்தலின் நடுவில், கை வைத்த ஒரே நாற்காலியில் பெரிய கிராணி உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் எனக்காக அழைக்கவில்லை. லயத்தில் எந்த விசேஷம் என்றாலும் முதல் நாற்காலி பெரிய கிராணிக்கு. அது காது குத்தாக இருந்தாலும் சரி, கருமாதியாக இருந்தாலும் சரி. என் கூட்டத்துக்கும் அதே மரியாதையைச் செய்துவிட்டார்கள்.

எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தரையில் உட்கார்ந்து, இரண்டாம் முறை கறி கேட்டு வாங்கி, பிள்ளைகளைக் கூப்பிட்டு என்ன படிக்கிறாய் என்று விசாரித்து, சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி நடந்துகொண்டார்கள். வக்கீல் பந்தலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்க லோபாக் கடைத் தெருவ விட இங்க சுத்தமா இருக்கு" என்றார். அம்மாவுக்கு முகமெல்லாம் பல்.

கை கழுவ அவரை நானே பைப்படிக்கு அழைத்துப் போனேன். இங்கேயாவது பேச்சு வரட்டும் என்று. அம்மாவும் துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"தண்ணி எல்லாம் ஒழுங்கா வருதாம்மா?" என்று வக்கீல் கேட்டார்.

"வருது வருது. தண்ணிக்கென்னா."

"காலையில ஒரு மணி நேரந்தான் வரும்" என்றேன் நான்.

அம்மா சிரித்தாள். "இவன் விடிஞ்சா செனவாங்குக்கு ஓடிடுறான்லா. தண்ணி வர்றது போறது இவனுக்கு என்னா தெரியும்?"

வக்கீல் என்னைப் பார்த்தார், பீப்பாய்களைப் பார்த்தார். கெட்டிக்காரி. எதுவோ உறுத்தியிருக்க வேண்டும். பந்தலுக்குத் திரும்பியதும் நேராக மண்டோர் மாமா முன்னால் போய் உட்கார்ந்தார். "ஐயா, இந்தத் தோட்டத்த வித்துட்டதா கேள்விப்பட்டேன். உங்களுக்கெல்லாம் வீடு விஷயமா ஏதும் பிரச்சின இருக்கா? தயங்காம சொல்லுங்க. நான் வக்கீல்தான்."

இதற்காகத்தானே எல்லாமே. நான் கேட்காமல் அவராகக் கேட்டார். நான் மனதில் எழுதி வைத்திருந்த அதே வார்த்தைகளைக் கேட்டார்.

மண்டோர் மாமா எழுந்து நின்றார். அவர் பார்வை கை வைத்த நாற்காலியின் பக்கம் போய்த் திரும்பியது. பெரிய கிராணி பாயசக் கிண்ணத்தை வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"ஒரு கொறையும் இல்லீங்கம்மா" என்றார் மாமா.

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். யாரோ ஒரு பெண், "நல்லா இருக்கோம்மா" என்றும் சேர்த்தாள். வக்கீல் கடைசியாக என்னைப் பார்த்தார். நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். அந்தத் தகரத்தைப் பிரித்துக் காட்டியிருக்க வேண்டும். "எல்லாம் நேத்து அடிச்ச சுண்ணாம்பு" என்று ஒரு வாக்கியம் போதும். ஆனால் அம்மா தீபாவளிச் சேலையில் நின்றுகொண்டிருந்தாள். பெரிய கிராணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை பேருக்கு முன்னால் நான் ஐயாவாக இருந்தேன்.

"டீ ஆறுது. எடுத்துக்குங்க" என்றேன்.

அதற்குப் பிறகு படம் எடுத்தார்கள். வெள்ளைச் சுவரின் முன்னால் எல்லோரும் சிரித்துக்கொண்டு நின்றோம். பெரிய கிராணி நடுவில். இந்தப் படங்களை எங்கே பார்ப்பது என்று அவர் விசாரித்தார். விரிவுரையாளர் சந்தோஷமாக ஒரு தாளில் இணைய முகவரியை எழுதிக் கொடுத்தார். கிராணி அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வேன் போனதும் அம்மாவிடம் கத்தினேன். "யாரும்மா உங்கள வெள்ளையடிக்கச் சொன்னது?"

"வெளிய இருந்து ஆளுங்க வராங்க. ஒழுகுற வீட்டயும் நாறுற காவாயயும் காட்டச் சொல்றியா? நம்ம மானம் என்னாவறது?"

"காட்டத்தான் கூட்டிட்டு வந்தேன்!"

அம்மா குனிந்து பாத்திரங்களைப் பொறுக்கினாள். பிறகு, "மொதல்லயே சொல்றதுக்கென்னா?" என்றாள். பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே, "சொல்லியிருந்தாலும் அப்படியே விட்டிருக்க மாட்டேன்" என்றும் சொன்னாள். அந்த நேர்மையை என்னால் தாங்க முடியவில்லை. மண்டோர் மாமா இன்னும் மோசம். "கிராணி குந்தியிருக்கும்போது பிராது சொல்லச் சொல்றியா? நீ காதுல போட்டிருந்தா நான் தனியா டவுனுக்குப் போயி அந்தப் பொண்ணப் பாத்திருப்பேன்ல" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஏற்பாடு செய்தவரே சந்திப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதட்டும், படங்களோடு இணையத்தில் ஏற்றிவிடலாம் என்றார் விரிவுரையாளர். அடுத்த விடுமுறையில் லோபாக் மாடியில் உட்கார்ந்தேன். டிஸ்கெட்டைப் போட்டு, எழுத்துருவை ஏற்றி, வெற்றுத் திரையைப் பார்த்தேன். உண்மையை எழுத அதைவிட நல்ல வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்காது. எழுதினால் அம்மாவைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும் என்று நினைத்தேன். விருந்து சாப்பிட்டுப் போனவர்களுக்குச் சங்கடம் என்று நினைத்தேன். குழுவின் சட்டம் வேறு இருந்தது. இத்தனை காரணத்தையும் அடுக்கிவிட்டு, என் கை அதற்குத் தெரிந்ததை எழுதியது: "பால் மரங்களுக்கு நடுவே வெண்ணிற லயங்கள் வரிசையாக நின்று எங்களை வரவேற்றன. கால்வாய்களில் ஒரு குப்பை இல்லை. பீப்பாய்களில் தெளிந்த நீர் நிரம்பியிருந்தது. இங்கு வாழும் மக்கள் எளியவர்கள். ஆனால் எந்தக் குறையும் அற்றவர்கள். கேட்டால் சிரிக்கிறார்கள்." அப்படியே ஒரு பக்கம். ஆறாம் ஆண்டுக் கட்டுரை. கீழே குழுவின் பெயரை மட்டும் போட்டேன். எல்லாப் பத்திகளுக்கும் அதுதான் வழக்கம்.

"ஐயா, ஒரு பிழைகூட இல்லை" என்று வக்கீல் பதில் எழுதினார். நான் அதை இரண்டு முறை படித்தேன். சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

சில மாதத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அப்போதுதான் ரோஷத்தை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு வக்கீலுக்குத் தனியாக எழுதினேன். மரியாதையாகத்தான் பதில் வந்தது. "நான் வந்தபோது எல்லாம் நன்றாக இருந்ததே. கேட்டபோதும் குறை இல்லை என்றார்களே. முதலில் லேபர் ஆபீசில் பேசிப் பாருங்கள். தேவைப்பட்டால் சொல்லுங்கள்." அவருக்குத் திரும்ப எழுத எனக்கு முகம் இல்லை.

மண்டோர் மாமா, அம்மா, நான் மூவரும் லேபர் ஆபீசுக்குப் போனோம். வருஷக்கணக்காக நிர்வாகம் வீடுகளைப் பழுது பார்க்கவில்லை, மனிதர் குடியிருக்க லாயக்கில்லாத வீட்டில் வைத்திருந்தார்கள், அதற்குப் பதிலாக மாற்று வீடு கட்டித் தர வேண்டும் என்பது எங்கள் பிராது. அதை மாமா மலாயில் நிதானமாகச் சொன்னார். மலாய் அதிகாரி நல்லவர்; கவனமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

எதிரில் நிர்வாகத்தின் ஆளும் பெரிய கிராணியும் இருந்தார்கள். கிராணி கோப்பைத் திறந்து, கம்ப்யூட்டரில் அச்செடுத்த ஒரு தாளை எடுத்தார். மேலே படம். வெள்ளைச் சுவர், வெள்ளைக் கற்கள், சிரிக்கும் முகங்கள். "இது நாங்க எழுதினது இல்ல. வெளிய இருந்து வந்த படிச்சவங்க எழுதி, உலகம் பூரா பாக்குற மாதிரி போட்டிருக்காங்க" என்று அதிகாரியிடம் மலாயில் சொன்னார். பிறகு தமிழில் ஒவ்வொரு வரியாக வாசித்து, மலாயில் மொழிபெயர்த்தார். வெண்ணிற லயங்கள். தெளிந்த நீர். எந்தக் குறையும் அற்றவர்கள். அவர் நன்றாக வாசிக்கக் கூடியவர். என் வாக்கியங்கள் அந்த அறையில் அழகாக இருந்தன.

மண்டோர் மாமா ஒரே ஒருமுறை என் பக்கம் திரும்பினார். எழுதியது யார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. தரையைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் இருந்த காலம்வரை என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அம்மா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பால் வெட்டுகிறவளின் வீட்டைப் பற்றி யாராவது வாசித்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. கண் கலங்கியிருந்தது. என் காதருகே குனிந்து, "நல்லா எழுதியிருக்காங்கடா. அன்னிக்கி வந்துச்சே, அந்த வக்கீல் பொண்ணாத்தான் இருக்கும்" என்றாள்.

அதிகாரி பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்: "இதில் இருப்பது பொய்யா?"

மாமா பதில் சொல்லவில்லை. சொன்னால் என்னைச் சொல்ல வேண்டும். நான் சொல்லியிருக்கலாம். "நான்தான் எழுதினேன், அது பொய்" என்று நாலு வார்த்தை. அம்மாதான் தனக்குத் தெரிந்த மலாயில் பதில் சொன்னாள். "பொய் இல்லைங்க துவான். அன்னிக்கி வீடு அப்படித்தான் இருந்துச்சு. நாங்கதான் அடிச்சோம்." அதிகாரி 'அடிச்சோம்' என்பதை விட்டுவிட்டு 'பொய் இல்லை' என்பதை எழுதிக்கொண்டார்.

மாற்று வீடு கிடையாது என்று ஆனது. வழக்கமான சொற்பப் பணத்தை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு திசையாகப் போனோம். நானும் அம்மாவும் பாரோயில் ஒரு மலிவு விலை வாடகை வீட்டின் நான்காம் மாடிக்குப் போனோம். அவளுக்கு முழங்கால் வலி; மாதக்கணக்கில் கீழே இறங்க மாட்டாள். குழு தொடர்ந்து நடந்தது. நான் எழுதுவதை நிறுத்தினேன். ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்து இரண்டு மூன்று கடிதம் வந்தது, பிறகு நின்றது.

லேபர் ஆபீசை விட்டு வெளியே வந்த அன்று, அம்மா பெரிய கிராணியை வாசலில் நிறுத்தி அந்தத் தாளைக் கேட்டு வாங்கினாள். "எங்களுக்கு இதால இனிமே வேலை இல்லையே, வச்சிக்கம்மா" என்று அவர் தாராளமாகக் கொடுத்துவிட்டார். அம்மா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிறப்புப் பத்திரங்களோடு பிஸ்கட் டின்னில் வைத்தாள். தோட்டத்து வீடு தரைமட்டமான பிறகு எங்களிடம் மிஞ்சிய ஒரே படம் அதுதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தால் எடுத்துக் காட்டுவாள். எழுத்துக் கூட்டிப் படிக்கவும் அவளுக்கு வராது. அதனால் என்னை வாசிக்கச் சொல்வாள். வேறு யாரோ எழுதியதைப் போல ஒவ்வொரு முறையும் வாசித்துக் காட்டினேன்.

கடைசியாக அவள் கேட்டது படுக்கையில் விழுந்த பிறகு. கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டாள். "அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும். நம்ம வீட்ட நம்மள விட நல்லா பாத்திருக்கு" என்றாள். "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு, தாளை உறையில் போட்டு டின்னை மூடினேன்.